வாசித்தவர்: நஞ்சப்பன்

மார்ச் 3, திங்கள்

இது என் நோட்டு. நான் எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. இன்று கொஞ்சம் வேகம். என் பெயர் நஞ்சப்பன். வயது அறுபத்தொன்பது. கோயம்புத்தூரில் லாரி பார்சல் ஆபீஸில் முப்பத்தெட்டு வருடம் மூட்டை ஏற்றி இறக்கியவன். போன ஆடி மாதம் மூத்தோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். போன மாதம் பரீட்சை எழுதித் தேறினேன். கை வலிக்கிறது. மூட்டை தூக்கி இப்படி வலித்ததில்லை.

மார்ச் 5, புதன்

இந்த நோட்டு வந்த கதையை இன்று எழுதிவிட வேண்டும். காலையில் பாதி, மத்தியானம் பாதி.

என் பேத்தி கவிநயாவுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்கு வாய் திறக்காது. ஒரு நாள், வாசிக்கும்வரை நில் என்று நிற்க வைத்துவிட்டார்கள். மணி அடிக்கும்வரை நின்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு, படி என்று யாராவது புத்தகத்தை நீட்டினால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். தை மாதம் முழுக்க, பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடிப்பதும் இவள் தாழ்ப்பாள் போடுவதுமாகப் போனது.

மருமகள் ரேணுகா முடிவெடுத்தாள். இனி வீட்டிலேயே படிக்கட்டும் என்றாள். மகன் பூபதிக்கு மனமில்லை. பள்ளிக்கூடம் போகாமல் நீங்கள் பட்டது போதாதா என்று என்னிடம் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. கடைசியில் மூன்று மாதம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டான். மே முப்பத்தொன்றாம் தேதி கவி அவன் முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் வீட்டுப் படிப்பு. இல்லாவிட்டால் ஜூனில் வேறு பள்ளிக்கூடம்.

ரேணுகா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள். ஆகவே பகலில் நான்தான் பள்ளிக்கூடம்.

“அவளைப் படின்னு மட்டும் சொல்லாதீங்க மாமா. நீங்க ஒரு மணி நேரம் கதை வாசிங்க, அவ கேட்டாப் போதும்” என்றாள் ரேணுகா. நோட்டில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். தேதி, புத்தகம், பக்கம், வாசித்தவர் என்று நான்கு கட்டம். தினமும் நிரப்ப வேண்டும்.

எனக்கு வாசிக்க வரும் என்று நினைக்கிறாள். வரும். மெதுவாக வரும்.

நோட்டின் முன்பக்கம் ரேணுகாவுக்கு. திருப்பிப் போட்டால் பின்பக்கம் எனக்கு. அங்கேதான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் வாசிப்பு. புத்தகத்தின் பெயர் ‘இருமல் வந்த ஒட்டகச்சிவிங்கி’. முதல் பக்கத்தில் ஐந்து வரி. கவி கட்டிலுக்கு அடியில் பொம்மையோடு படுத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். ‘ஒரு காட்டில்’ வரைக்கும் நன்றாகப் போனது. அடுத்த சொல் ரயில் மாதிரி நீளம். ஒட், ஒட்ட, ஒட்டக. அங்கேயே நின்றேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. “ஒட்டகச்சிவிங்கி.”

அட்டைப் படத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். ஆனாலும் நல்ல உதவி. ஐந்து வரியையும் முடித்துவிட்டோம். முன்பக்கத்தில் என் கையால் எழுதினேன். வாசித்தவர்: நஞ்சப்பன். அதை நாலு தடவை பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு பக்கம்.

மார்ச் 12, புதன்

பால்காரர் வரவில்லை. கவிக்குச் சத்துமாவுக் கஞ்சி. ஒட்டகச்சிவிங்கிக்கு இருமல் நிற்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று பெரிய நாள். ரேணுகா போனில் தேடித் தேடி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். பிள்ளைகளை வீட்டில் படிக்க வைப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பார்க்கில் கூடுகிறார்கள். பூபதி பம்ப் உதிரிபாகம் சப்ளை செய்கிறவன், ஆம்னி வேன் வைத்திருக்கிறான். வேலை இருக்கிறது என்று வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம்.

பஸ் போர்டை நான் வாசித்தேன். கா-ந்-தி-பு-ர-ம். வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம். இத்தனை வருடம் யாரையாவது கேட்டுத்தான் ஏறியிருக்கிறேன்.

கூட்டத்தை நடத்துவது நசீமா என்று ஒரு பெண். இரட்டைப் பெண் பிள்ளைகளை நாலு வருடமாக வீட்டில் படிக்க வைக்கிறாள். பேச்சில் மிளகு மாதிரி ஒரு காரம். ரேணுகா ஒரு காகிதத்தில் பதினேழு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தாள். கால அட்டவணை எப்படிப் போடுவது, எந்தப் பாடப்புத்தகம், பரீட்சைக்கு என்ன செய்வது. நசீமா பொறுமையாகப் பதில் சொன்னாள். அரசு பாடப்புத்தகமே போதும், போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். பெரியவளானதும் திறந்தநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதலாம். நூலகத்தில் உடனே உறுப்பினர் ஆகுங்கள். முதல் மாதம் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உடம்பைவிட்டு இறங்க வேண்டும்.

ஒரு அப்பா தண்ணீர் பாட்டிலை வைத்துக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். கவியைவிட நான்தான் பக்கத்தில் போய் நின்றேன்.

பிறகு நசீமா என்னைப் பார்த்து, “ஐயா, பகல்ல வாசிச்சுக் காட்டுறது நீங்களா? உங்களை மாதிரி ஆளு எங்க கூட்டத்துல ஒருத்தரும் இல்லை” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு எழுத்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பெருமையாக இருந்ததால் சொல்லவில்லை.

ஆப்பிள் அட்டைப்பெட்டியில் இருபத்துநாலு கதைப் புத்தகம் கொடுத்தாள். ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். பெட்டியை நான்தான் தோளில் வைத்துத் தூக்கி வந்தேன். இந்த மாதிரிச் சரக்கு என் தோளில் ஏறியதே இல்லை.

மார்ச் 20, வியாழன்

கவி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து கட்டிலின் மேல் உட்கார்ந்தாள். நான் வாசிப்பது கேட்கச் சகிக்கவில்லையாம். “அப்பாரு, நீங்க ஒரு வரி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பசிச்சிடுது.”

மார்ச் 27, வியாழன்

புத்தகம்: குடை வாங்கிய கொக்கு. ஆறு பக்கம். நான் ஆரம்பிக்கிறேன். சிக்கினால் அவள் எடுத்துவிடுகிறாள். லாரிக்கு மேலே ஒருவன், கீழே ஒருவன் நின்று மூட்டை மாற்றுகிற மாதிரிதான். கீழே நிற்பவன் தூக்கிக் கொடுத்தால் மேலே இருப்பவன் வாங்கிக்கொள்வான். இன்று எனக்குக் கை ஓயும்போதெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் புத்தகத்தில் படம் குறைவு. அவள் எதைப் பார்த்துச் சொல்கிறாள் என்று யோசித்தேன். பிறகு சமையலறையில் பால் பொங்கிவிட்டது.

முன்பக்கம்: வாசித்தவர்: நஞ்சப்பன்.

ஏப்ரல் 3, வியாழன்

நூலகத்தில் உறுப்பினர் ஆனோம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் நூலகத்து அம்மா பழக்கத்தில் கைநாட்டு மைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கவி அவரிடம், “அவருக்கு எழுதத் தெரியும்” என்றாள். சத்தமாகச் சொன்னாள். வெளியாள் முன்னால் அவள் அப்படிப் பேசிப் பல மாதம் ஆகிறது.

ஏப்ரல் 9, புதன்

இன்று பதினோரு பக்கம். அதில் என்னுடையது இரண்டு.

மனது உறுத்துகிறது. முன்பக்கத்தில் தினமும் என் பெயரை எழுதுகிறேன். ரேணுகா அதைப் பார்த்து, “மாமா, என்ன வேகம் பிடிச்சிட்டீங்க” என்று சந்தோஷப்படுகிறாள். கவியிடம் சொன்னேன், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. அவள் முகம் சுருங்கிவிட்டது.

“சொன்னா எல்லாரும் வாசி வாசிம்பாங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் செய்தேன். பிள்ளைக்காகத்தான் செய்தேன். என் பெயர் அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. இது பின்பக்கம், எழுதலாம்.

ஏப்ரல் 12, சனி

நாளை புத்தகப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் குறி போட்டுவிட்டேன். எங்கள் பார்சல் ஆபீஸில் குறி இல்லாமல் ஒரு உருப்படி கூட வெளியே போகாது. எனக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் குறிதான் எனக்கு எழுத்து. ஈரோட்டுக்கு வட்டம், சேலத்துக்கு வட்டத்துக்குள் புள்ளி, மதுரைக்கு முக்கோணம். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு மூட்டையும் ஊர் மாறிப் போனதில்லை.

கவி விழுந்து விழுந்து சிரித்த புத்தகத்துக்கு வட்டம். இரண்டாம் தடவை கேட்டதற்கு வட்டத்துக்குள் புள்ளி. கொட்டாவி விட்டதற்கு முக்கோணம். மூட்டைக்கு அடிக்கிற கறுப்பு மை, பிரஷ். அட்டையில் நடுநாயகமாகப் போட்டிருக்கிறேன். அழியவே அழியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பார்க்கில் பெட்டியைத் திறந்ததும் ரேணுகா முகம் வெளுத்துவிட்டது. “மாமா, இரவல் புத்தகம்” என்று மட்டும் சொன்னாள். நசீமா ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது. பூமி பிளந்தால் மூட்டையோடு உள்ளே போயிருப்பேன். குறி எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். ரேணுகா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் பிள்ளைகள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கவிதான் விளக்கினாள். இது சிரிப்பு, இது ரொம்பச் சிரிப்பு, இது தூக்கம். ஐந்து நிமிடத்தில் புள்ளி வைத்த வட்டம் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. முக்கோணத்தைத் தொட ஆளில்லை. நசீமாவின் இரட்டைகளில் ஒருத்தி மட்டும், இதற்கு எதற்குத் தூக்கம் போட்டார் என்று சண்டைக்கு வந்தாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்த புத்தகமாம்.

நசீமா என் பக்கம் திரும்பினாள். “நாலு வருஷமா இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலையறேன் ஐயா. ஒருத்தரும் இப்படிப் பாஞ்சு எடுத்ததில்லை. வீட்டுல இன்னும் மூணு பெட்டி இருக்கு. ஆனா பென்சில்ல போடுங்க.”

ரேணுகா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு இப்போதும் காது சூடாக இருக்கிறது. ஆனால் மூன்று பெட்டி!

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று பெட்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. குறி போட வேண்டுமானால் புத்தகத்தை முடிக்க வேண்டும் அல்லவா. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு புத்தகம் முடிக்கிறோம். எந்தக் குறி என்பதில் கவிக்கும் எனக்கும் தினமும் வாக்குவாதம். இன்று ஒரு புத்தகத்துக்கு நான் முக்கோணம் என்றேன். உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்லி அவள் திரும்பவும் முழுதாக வாசித்துக் காட்டினாள். வட்டம்தான். அவள் வாசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

வெயில். தர்ப்பூசணி. கவி விதைகளை எண்ணி மூன்றாம் வாய்ப்பாடு போட்டாள்.

மே 14, புதன்

பூபதி ஒரு பள்ளிக்கூட விண்ணப்பம் வாங்கி வந்து பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறான். கவி அதைப் பார்த்துவிட்டாள். இன்று வாசிப்பு இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் தரையில் படுத்தேன். எழுந்திருக்கத்தான் அவள் கை தேவைப்பட்டது.

மே 22, வியாழன்

ரேணுகா நேற்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாளாம், அம்மாவுக்கு ஒரு வரி வாசிக்கிறாயா என்று. தாழ்ப்பாள். ரேணுகா என்னிடம் வந்து உட்கார்ந்து, நான் தப்பு பண்ணிட்டேனா மாமா என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் தடுத்தது. நல்லதே நடக்கும் என்று மட்டும் சொன்னேன். அது ஒரு பேச்சா.

மே 30, வெள்ளி

நாளை பூபதி கேட்கப்போகிறான். நான் எழுதிவிடுகிறேன். சத்தியம் வாய்க்குத்தானே. இது கை.

கவிக்கு வாசிக்க வரும். மார்ச் மாதத்திலிருந்து வரும். முன்பக்கத்தில் நஞ்சப்பன் என்று எழுதியிருப்பதெல்லாம் பொய். நான் ஆரம்பித்தேன், அவள் முடித்தாள். நான் தடுக்கி நிற்கும்போது அவள் ஒரு தடவை கூடச் சிரித்ததில்லை. எனக்கு வாசிக்கச் சரியாக வராது என்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தால் பிள்ளை மறுபடி நிற்க வேண்டி வந்தால் குற்றம் என்னுடையது.

கண்ணாடியில் பனி பிடித்துவிட்டது. நிறுத்துகிறேன்.

மே 31, சனி

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பூபதி கூடத்தில் உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்தான். கோபமாக ஒன்றும் இல்லை. “வா சாமி, அப்பாவுக்கு ஒரு பக்கம்” என்றான். கவி புத்தகத்தைப் பார்த்தாள். எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பூபதி பிரிட்ஜ் மேலிருந்து விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தான். ரேணுகா, மாமாவின் நோட்டைப் பாருங்கள், மூன்று மாதமாகக் கவி எவ்வளவு கேட்டிருக்கிறாள் என்று சொல்லி நோட்டை அவன் மடியில் வைத்தாள். அவசரத்தில் தலைகீழாக வைத்துவிட்டாள். அவன் திறந்தது பின்பக்கம்.

“இதென்னப்பா, இவ்வளவு எழுதியிருக்கீங்க?” என்றான். புரட்டிக்கொண்டே போனான். என் எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தில் நிறுத்தி நோட்டை என்னிடம் நீட்டினான். “நீங்களே வாசிங்க.”

நான் வாங்கினேன். ‘நாளை பூபதி கேட்கப்போகிறான்’ என்பது வரை வாசித்தேன். அதற்கு மேல் எழுத்துத் தெரிகிறது, குரல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். நாளை. நாளை பூபதி. அங்கேயே நின்றேன். என் மகன் முன்னால் நான் வாசிப்பது இதுதான் முதல் தடவை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாழ்ப்பாள் திறந்தது. கவி வந்து என் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்து நோட்டைப் பார்த்தாள். என் விரலை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு வாசித்தாள்.

“நான் எழுதிவிடுகிறேன். சத்தியம் வாய்க்குத்தானே. இது கை. கவிக்கு வாசிக்க வரும்.” அங்கே ஒரு முறை என்னை முறைத்தாள். நிறுத்தவில்லை. பொய் என்ற இடத்தையும் வாசித்தாள். வெட்கம் என்ற இடத்தையும் வாசித்தாள். அவள் சிரித்ததில்லை என்று நான் எழுதியிருந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் குறைந்தது. கண்ணாடியில் பனி பிடித்துவிட்டது, நிறுத்துகிறேன். அதுவரை ஒரே மூச்சு.

என் கோணல் எழுத்தை எழுத்தறிவு வகுப்பு டீச்சர்கூட அப்படி வாசித்ததில்லை.

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள். பூபதி பேனாவை மூடியதை நான் பார்த்தேன். பிறகு சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டான்.

“அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?”

கவி திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லீங்கப்பா. அப்பாரு இன்னும் எழுதல.”

ஜூன் 1, ஞாயிறு

முன்பக்கத்தில் நேற்றைய கட்டம் காலியாக இருந்தது. இன்று காலையில் நிரப்பினேன். தேதி: மே 31. புத்தகம்: இந்த நோட்டு. பக்கம்: ஒன்று. வாசித்தவர்: கவிநயா.

பழைய கட்டங்களில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். பல் துலக்கிக்கொண்டே யோசித்தாள். “அடிக்க வேண்டாம். பக்கத்துல என் பேரையும் எழுதுங்க. நீங்கதானே ஆரம்பிச்சீங்க” என்றாள். பன்னிரண்டு வாரத்துக் கட்டம். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆகும். ஆகட்டும்.

விண்ணப்பத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்று கவி எடுத்துக்கொண்டாள். பூபதி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். இட்லி சாப்பிடும்போது ரேணுகாவிடம் பார்க்குக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டான். மூன்று பெட்டியை எப்படிப் பஸ்ஸில் கொண்டுபோவீர்கள் என்று என்னையும் அதட்டினான். பெட்டிகளை அவனே வேனில் ஏற்றிவிட்டான். மேலிருக்கும் புத்தகத்தைப் பார்த்து, இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். கவியைக் கேள் என்றேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் வாசலில் பூபதி ஹாரன் அடிக்கிறான். கவி எனக்கு முன்னால் ஓடிவிட்டாள்.